இலாடம் அடிப்பவரின் கூலி

மானிப்பாய் ஊடாகக் காரைநகர் நோக்கிச் செல்லும் தார் வீதியில் இன்று சுமை இழுப்பவை பெரும்பாலும் இயந்திரங்களே. ஆயினும் 1990களில் பொருளாதாரத் தடையால் எரிபொருள் அருகியபோது, மாட்டுவண்டில்களே எமக்குக் கைகொடுத்தன. வண்டில் மாட்டின் காலைக் காத்தது இலாடம். அதை அடித்தவரை நாம் நினைத்துப் பார்த்தோமா?

குதிரைக்குக் காலுக்கு ஓர் இலாடம் போதும். மாட்டின் குளம்போ பிளவுபட்டது. காலுக்கு 2 தகடுகள், மாட்டுக்கு 8, சோடிக்கு 16. மாட்டைக் கயிற்றால் வீழ்த்தி, கால்களைப் பிணைத்து, வளர்ந்த குளம்பைச் சீவிச் சமப்படுத்திய பின்னரே ஆணி அடிக்கவேண்டும். ஆணி குளம்பின் வெளிச்சுவர் வழியாகவே வரவேண்டும். சற்று உள்ளே சென்றால் உயிர்த்தசையில் ஏறும், சீழ் பிடிக்கும், மாடு நொண்டும். மாடு நொண்டினால் அக்குடும்பத்தின் வருவாயும் நின்றுவிடும்.

இவ்வளவு பொறுப்பான வேலைக்கு, "நாலு ஆணி அடிக்க இவ்வளவு காசோ?" என்று பேரம் பேசுகிறோம். கூலி குறைந்தால் குளம்பு சீவும் நேரம் குறையும். தகட்டின் தரமும் குறையும். நாம் மிச்சம் பிடித்த காசை மாடு நோவாகச் செலுத்துகிறது. தொழிலாளியின் மகனும் அத்தொழிலுக்கு வரமாட்டான்.

பிரித்தானியாவில் 1975ஆம் ஆண்டுச் சட்டம், குதிரைக்கு இலாடம் அடிப்போர் பயிற்சியும் பதிவும் பெற்றிருக்க வேண்டும் என விதித்தது. அதை அப்படியே இங்கு கொண்டுவந்தால், சான்றிதழ் இல்லாத முதிய கைவினைஞரே முதலில் வெளியேற்றப்படுவார். எமது தேசிய தொழிற்றகைமை முறையோ, அனுபவத்தால் பெற்ற திறனையும் மதிப்பிட்டு ஏற்க இடமளிக்கிறது. அந்த வழியே எமக்கு ஏற்றது.

நாம் செய்யக்கூடியவை:

1. இரும்பு, ஆணி, கரி, உதவியாள், பயணம், உதைபடும் ஆபத்து ஆகிய அனைத்தையும் கணக்கிட்டு, மாடு வளர்ப்போரும் தொழிலாளரும் ஒன்றாக இருந்து கூலியை நிர்ணயித்தல்.

2. கால்நடை வைத்தியரும் அனுபவசாலியும் இணைந்து இளைஞருக்குப் பயிற்சி அளித்தல்.

3. குளம்பின் அமைப்பை விளக்கும் சிறு கைநூல் ஒன்றைத் தமிழில் ஆக்குதல். 19ஆம் நூற்றாண்டில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தையே தமிழில் கற்பித்த ஊர் மானிப்பாய். இது எமக்கு முடியாத காரியமன்று.

வண்டில்கள் குறைந்துவிட்டன, சவாரி மாடுகளும் சில உழவு மாடுகளுமே எஞ்சியுள்ளன. எஞ்சிய கைகளுக்கு உரிய கூலி கொடுப்போம். அவை ஓய்ந்தபின் தேடிப் பயனில்லை.