கோப்பையை மட்டும் எண்ணாதீங்க... பெஞ்சையும் பாருங்க!

மே மாதம் வந்துவிட்டால் திண்டுக்கல் பக்கத்துக் கூடைப்பந்து ரசிகர்களுக்குக் கொண்டாட்டம்தான். வத்தலக்குண்டு வழியாகப் பஸ் ஏறினால் பெரியகுளம். வடக்கே போனால் கரூர். இரண்டு ஊர்களிலும் அகில இந்தியப் போட்டிகள் களைகட்டும். ஆட்டம் முடிந்ததும் டீக்கடையில் இன்னோர் ஆட்டம் ஆரம்பமாகும். ‘ஜெயிக்க வைத்தது பிளேயரா, கோச்சா?’

அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளிலும் இதே பஞ்சாயத்து உண்டு. அங்கே பயிற்சியாளராக அதிகக் கோப்பைகளை வென்றவர் ஃபில் ஜாக்சன். சிகாகோ புல்ஸுடன் 6, லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுடன் 5, மொத்தம் 11. ‘மைக்கேல் ஜோர்டானும் கோபி பிரையன்ட்டும் டீமில் இருந்தால் யார்தான் ஜெயிக்க மாட்டார்கள்?’ என்று கேட்பவர்களும் உண்டு.

கேள்வி நியாயமானதுதான். ஆனால், ஜோர்டான் சிகாகோவுக்கு வந்தது 1984-ல். ஜாக்சன் தலைமைப் பயிற்சியாளர் ஆனது 1989-ல். இடைப்பட்ட ஐந்து சீசன்களில் ஒரு கோப்பைகூட இல்லை. லேக்கர்ஸிலும் அதே கதைதான். பிரையன்ட்டும் ஷகில் ஓ’நீலும் 1996-லேயே சேர்ந்துவிட்டார்கள். இருவரும் கோப்பையைத் தொட்டது, ஜாக்சன் வந்த பிறகு 2000-ல். நட்சத்திரம் கையில் இருந்தால் போதாது. பந்தைப் பக்கத்து ஆளிடம் நம்பிக் கொடுக்க அந்த நட்சத்திரத்தைச் சம்மதிக்க வைக்க வேண்டும்.

இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனவர், சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் கிரெக் போபோவிச். அவர் வென்ற 5 கோப்பைகளில் கடைசி, 2014-ல் வந்தது. என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம். அந்த சீசனில் ஸ்பர்ஸ் அணியில் ஒருவர்கூட சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை! பெஞ்சில் இருந்தவர்களை நம்பிக் களமிறக்கினார். இறுதிச் சுற்று வந்தபோது அத்தனை பேரும் தயாராக இருந்தார்கள்.

அதே ஆண்டு ஜூலையில், சீனாவின் வூஹான் நகரில் நம் இந்திய அணியும் ஓர் அதிசயம் செய்தது. ஆசியக் கோப்பையில் சீனாவை 65-58 என்று வீழ்த்தியது. சீனா தன் முழு பலத்தோடு ஆடவில்லை என்பது உண்மை. ஆனாலும் அது அவர்கள் மண். அப்போது நம் பயிற்சியாளர், அமெரிக்கரான ஸ்காட் ஃப்ளெமிங். அவர் கையில் ஜோர்டான் யாரும் இல்லை. இருந்தவர்களை வைத்தே ஜெயித்தார்.

கோப்பைக் கணக்கில் வராத பெருமையும் உண்டு. பஞ்சாப் கிராமம் ஒன்றிலிருந்து லூதியானா அகாடமிக்கு வந்த உயரமான சிறுவன் சத்னம் சிங். அவருக்கு அடிப்படையிலிருந்து ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் சங்கரன் சுப்பிரமணியன். 2015-ல் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி சத்னமைத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவரை என்.பி.ஏ. அணி தேர்ந்தெடுத்தது அதுதான் முதல் முறை. அதைப் பார்க்க சுப்பிரமணியன் இல்லை. 2013-லேயே காலமாகிவிட்டார்.

கோடை முகாமில் பிள்ளையைச் சேர்க்கப்போகும் பெற்றோர், அலமாரியில் இருக்கும் கோப்பைகளைத் தாராளமாகப் பார்க்கலாம். அப்படியே ஒரு நாள் சாயங்காலம் மைதானத்தின் ஓரத்தில் நின்றும் பாருங்கள். நன்றாக ஆடும் பையனுக்கு எல்லாக் கோச்சும் கைதட்டுவார்கள். பந்தைத் தவறவிட்ட பையனிடம் இவர் என்ன சொல்கிறார், அவனை மறுபடி எப்போது இறக்குகிறார் என்று கவனியுங்கள். நல்ல கோச் யார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.