5 ரூபாய் பாக்கெட்டால் குண்டாகும் குழந்தைகள்: பள்ளி வாசலில் 50 மீட்டர் சட்டம் இருக்கு... தெரியுமா?

திருப்பூர்:

"புள்ளைன்னா கொழுகொழுன்னு இருக்கணும்" என்று சொன்ன காலம் மலையேறி விட்டது. 10 வயசுலேயே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குது, முட்டி வலிக்குது என்கிற பிள்ளைகளை இப்போது எல்லா ஊரிலும் பார்க்க முடிகிறது.

இது பீட்சா, பர்கர் சாப்பிடுற பணக்கார வீட்டு சமாச்சாரம் என்று நினைத்தால் தப்பு. கூலி வேலைக்கு போகிறவர்கள் வீட்டுக்குள்ளும் இது நுழைந்து விட்டது. நுழைந்த வழி, பெட்டிக்கடையில் சரம் சரமாக தொங்கும் 5 ரூபாய் பாக்கெட்!

கணக்கு என்ன சொல்லுது?

மத்திய அரசின் தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16ல் 2.1 சதவீதம். 2019-21ல் அது 3.4 சதவீதமாக உயர்ந்தது.

உலக நிலவரம் இன்னும் மோசம். 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் எடை குறைந்தவர்களை விட உடல் பருமன் உள்ளவர்கள் அதிகமாகி விட்டதாக 2025 செப்டம்பரில் யுனிசெப் அறிவித்தது. இப்படி ஆனது இதுவே முதல் முறை. 10 பேரில் ஒருவர் வீதம், மொத்தம் 18 கோடியே 80 லட்சம் பேர்.

அப்படியானால் சத்துக்குறைவு ஒழிந்து விட்டதா? அதுவும் இல்லை. ஒரே தெருவில் ஒரு பிள்ளை எலும்பும் தோலுமாக இருக்கும், இன்னொன்று குண்டாக இருக்கும். குண்டாக இருக்கும் பிள்ளைக்கே ரத்த சோகை இருக்கலாம். பாக்கெட் தீனியில் மாவும் எண்ணெயும் உப்பும்தான் அதிகம். வயிறு நிரம்பும், சத்து சேராது.

கழுத்தில் கறுப்பா? அழுக்கு இல்லை

சில குண்டு பிள்ளைகளுக்கு பின்கழுத்திலும், அக்குளிலும் தோல் தடித்து கறுப்பாக இருக்கும். அம்மாக்கள் அழுக்கு என்று நினைத்து பீர்க்கங்காய் நார் போட்டு தேய்ப்பார்கள். போகாது. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது ஒரு அறிகுறியாக இருக்கலாம் என்பது டாக்டர்கள் சொல்லும் விஷயம். இப்படியே விட்டால் சின்ன வயதிலேயே சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு, கல்லீரலில் கொழுப்பு என்று வரிசை கட்டும்.

அம்மா மேல் மட்டும் பழி போடலாமா?

"வீட்டுல சமைச்சு குடுத்தா எதுக்கு இந்த வம்பு?" என்று சொல்வது சுலபம். ஆனால் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் தாய் காலை 8.30க்கு உள்ளே போனால் ராத்திரி 8.30க்குத்தான் வெளியே வருவார். பிள்ளை சாயந்திரம் பசியோடு வரும் என்று 10 ரூபாயை கையில் கொடுத்து விட்டு போகிறார். அந்த 10 ரூபாய்க்கு பள்ளி வாசலில் என்ன கிடைக்கிறதோ, அதைத்தான் பிள்ளை வாங்கும். அங்கே கொய்யாவும் சுண்டலும் கிடைத்தால் அதை வாங்கும். கலர் பாக்கெட் மட்டும் தொங்கினால் அதை வாங்கும்.

ஆகவே பள்ளி வாசலில் என்ன விற்கிறது என்பது ஒரு வீட்டு பிரச்சினை இல்லை. ஊர் பிரச்சினை, அரசு பிரச்சினை.

சட்டம் சொல்வது என்ன?

பள்ளியை சுற்றி 100 கஜத்துக்குள் பீடி, சிகரெட் விற்கக்கூடாது என்பது பலருக்கும் தெரியும். தீனிக்கும் அதே மாதிரி சட்டம் இருப்பது பலருக்கு தெரியாது.

உணவு பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020 செப்டம்பரில் ஒரு விதிமுறை கொண்டு வந்தது. கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகம் உள்ள பொருட்களை பள்ளி கேன்டீன், விடுதி சமையலறை, பள்ளி வளாகத்தை சுற்றி 50 மீட்டர் ஆகிய இடங்களில் மாணவர்களுக்கு விற்கக்கூடாது. விளம்பரம் வைக்கவும், இலவச சாம்பிள் கொடுக்கவும் கூடாது. இதை எழுதி பள்ளி கேட்டில் போர்டு மாட்ட வேண்டும்.

உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளி கேட்டில் அந்த போர்டு இருக்கா? நாளைக்கே பாருங்கள்.

அதற்காக பெட்டிக்கடை அக்காவை விரோதியாக பார்க்க வேண்டாம். அவருக்கும் அதுதான் பிழைப்பு. பாக்கெட்டை கம்பெனிக்காரன் கடை வாசலுக்கே கொண்டு வந்து தருகிறான், மாசக்கணக்கில் கெடாது. சுண்டல் அன்றே விற்காவிட்டால் கொட்ட வேண்டும். சுண்டல் நாலு நாள் நன்றாக விற்கும் என்று தெரிந்தால் அவரே மாறி விடுவார்.

வரி போட்டால் குறையுமா?

மெக்சிகோ நாட்டில் 2014 ஜனவரி முதல் சர்க்கரை கலந்த பானங்களுக்கு லிட்டருக்கு 1 பெசோ வரி போட்டார்கள். முதல் வருஷமே விற்பனை சுமார் 6 சதவீதம் குறைந்தது. இங்கிலாந்தில் 2018 ஏப்ரல் முதல், சர்க்கரை கூட இருந்தால் கூட வரி, குறைவாக இருந்தால் வரியே இல்லை என்று வைத்தார்கள். வரிக்கு பயந்து கம்பெனிகளே பல பானங்களில் சர்க்கரையை குறைத்தன. சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை, உப்பு அதிகமுள்ள பாக்கெட்டின் முன்பக்கம் கறுப்பு முத்திரை. குழந்தைகளை இழுக்கும் கார்ட்டூன் பொம்மையும் போடக்கூடாது.

நம் பக்கத்து கேரளாவில் 2016ல் பிராண்டட் ஓட்டல் பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீத 'கொழுப்பு வரி' போட்டார்கள். 2017ல் ஜி.எஸ்.டி. வந்ததும் அது போய் விட்டது. இருந்த காலத்திலும் 5 ரூபாய் பாக்கெட்டை அது தொடவில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் சர்க்கரை சேர்த்த கேஸ் கூல் டிரிங்சுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். இதற்கு முன் வரியும் செஸ்சும் சேர்த்து அதே 40தான் இருந்தது. ஆனால் அதே நாளில் பிஸ்கட், சாக்லேட் வரி 18ல் இருந்து 5 சதவீதமாக குறைந்தது. பர்சுக்கு நல்லது, பல்லுக்கும் வயிற்றுக்கும்?

நம்ம கையில் இருக்கும் நல்ல ஆயுதம்

சத்துணவும் முட்டையும் நமக்கு புதுசு இல்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவு திட்டத்தில் 1 முதல் 5-ம் வகுப்பு வரை உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாக போடுகிறார்கள். வயிறு நிறைந்த பிள்ளை இன்டர்வெல்லில் பாக்கெட்டை தேடாது. "எல்லாரும் சாப்பிடுறாங்க, நீயும் சாப்பிடு" என்று சொல்லி அனுப்புங்கள்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

* அரசு பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2009 கல்வி உரிமை சட்டப்படி அதில் 4ல் 3 பங்கு பெற்றோர், பாதி பேர் பெண்கள். அடுத்த கூட்டத்தில் 50 மீட்டர் விஷயத்தை தீர்மானமாக போடுங்கள்.

* தீர்மானத்துக்கு பிறகும் விற்றால் மாவட்ட உணவு பாதுகாப்பு நியமன அலுவலரிடம் மனு கொடுக்கலாம். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம்.

* பி.டி. பீரியடை கணக்கு வாத்தியார் கடன் வாங்குகிறாரா என்று பிள்ளையிடம் கேளுங்கள். 5 முதல் 17 வயது வரை தினமும் 1 மணி நேரம் ஓடி ஆட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

* சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் எந்த பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் 'சுகர் போர்டு' வைக்க 2025 மே மாதம் உத்தரவு வந்தது. அதே கணக்கை வீட்டிலும் போடலாம். பாட்டிலில் 100 மில்லிக்கு 10 கிராம் என்று இருந்தால், 250 மில்லி பாட்டிலில் 25 கிராம். அதாவது 6 ஸ்பூன் சர்க்கரை!

* பள்ளிக்கு வரும் மருத்துவ குழுவிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உயரம், எடை பார்த்து வயதுக்கு சரியா என்று கேளுங்கள். செலவு இல்லை.

* பிள்ளையை பட்டினி போடாதீர்கள். "குண்டு" என்று கூப்பிடாதீர்கள். அவமானத்தில் ஒளித்து வைத்து தின்னும்.

50 மீட்டர் என்பது பெரியவர்கள் நடையில் சுமார் 70 எட்டுதான். இந்த சனிக்கிழமை நாலு பெற்றோர் சேர்ந்து பள்ளி கேட்டில் இருந்து நடந்து, என்னென்ன தொங்குகிறது என்று ஒரு பேப்பரில் எழுதுங்கள். அந்த பேப்பரே உங்கள் மனு!