இழுத்த ரப்பரும் சூடுபட்ட ரப்பரும்

சின்ன வயதில் உண்டிவில் செய்யாத பையன்கள் நம் ஊர்ப்பக்கம் குறைவு. ஒரு கொய்யாக் கவட்டை, பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய இரண்டு வார், கல் வைக்க ஒரு துண்டுத் தோல். புது வார் கட்டியவுடன் இழுத்தால் கை வலிக்கும். "நாலு தடவை நல்லா இழுத்து விடுடா, பதமாயிடும்" என்று பெரிய பையன்கள் சொல்வார்கள். அவர்கள் சொன்னபடியே பதமாகும். அந்தப் பதத்துக்குப் பின்னால் நூறு ஆண்டுகளுக்கு மேலான ஓர் அறிவியல் ஆராய்ச்சி இருக்கிறது என்பது, பெங்களூருக்கு வந்து பீன்யாவில் ஒரு சிறிய ரப்பர் பட்டறையின் சோதனை மேசையில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ரப்பர் நமக்கு அன்னியப் பொருள் அல்ல. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் எடுத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இன்றும் கன்னியாகுமரி மாவட்டத்தில் விடியுமுன் தலையில் விளக்கோடு பால் வெட்டப் போகிறவர்கள் உண்டு. 1946இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை சென்னைத் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கினார். 1952இல் டயருக்கு மேல் ஒட்டும் டிரெட் ரப்பரில் இறங்கினார். அதுவே எம்.ஆர்.எஃப். பலூன் ரப்பருக்கும் டிரெட் ரப்பருக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தக் கட்டுரையின் பொருள்.

கந்தகமும் கரியும்

மரத்துப் பாலிலிருந்து கிடைக்கும் பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். நீண்ட சங்கிலி போன்ற அதன் மூலக்கூறுகள் நூடுல்ஸ் போலப் பின்னிக் கிடக்கின்றன; ஒன்றோடொன்று கட்டப்படவில்லை. 1839இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை நீங்குவதைக் கண்டார். கந்தகம் சங்கிலிகளுக்கு இடையே முடிச்சுப் போடுகிறது. இதைத்தான் வல்கனைஸ் செய்வது என்கிறோம்.

அடுத்த பெரிய படி கார்பன் பிளாக் என்னும் கரித்தூள். அது ரப்பரை வலுப்படுத்தும் என்பது 1904 வாக்கில் இங்கிலாந்தில் தெரியவந்தது. டயர் கறுப்பாக இருப்பது அதனால்தான். நூறு கிலோ ரப்பருக்குச் சுமார் ஐம்பது கிலோ கரித்தூள் சேர்ப்பது சாதாரணம். ஒவ்வொரு துகளும் ஒரு மில்லிமீட்டரில் பல பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அவ்வளவு நுண்ணிய துகள்களின் மொத்த மேற்பரப்பு மிகப் பெரிது. அதில் ரப்பர்ச் சங்கிலிகள் ஒட்டிக்கொள்கின்றன.

இயற்கை ரப்பரை நன்றாக இழுத்தால் அதன் சங்கிலிகள் வரிசையாக அடுங்கிப் படிகமாகும். அதனால் கரி இல்லாமலே அதற்கு வலு உண்டு. எஸ்.பி.ஆர். என்னும் செயற்கை ரப்பருக்கு அந்தக் குணம் இல்லை. கரி சேர்க்காத எஸ்.பி.ஆர். சதுர சென்டிமீட்டருக்கு 20, 30 கிலோ இழுவிசையிலேயே அறுந்துவிடும். தக்க கரித்தூள் சேர்த்தால் 200 கிலோவுக்கு மேல் தாங்கும்.

முதல் இழுப்பு வேறு, இரண்டாம் இழுப்பு வேறு

கரி சேர்த்த ரப்பர்ப் பட்டை ஒன்றை அதன் நீளத்தைப் போல மூன்று மடங்காகும்வரை இழுத்து விடுங்கள். மறுபடி இழுத்தால், அதே நீளத்துக்கு முன்னைவிடக் குறைந்த விசை போதும். மூன்றாம், நான்காம் தடவை இன்னும் கொஞ்சம் குறையும், பிறகு நிலைத்துவிடும். இதை 1903இலேயே பிரான்சில் பூவாஸ், காரியேர் என்ற இருவர் கவனித்தார்கள். 1940களின் பிற்பகுதியிலிருந்து இங்கிலாந்தின் லெனார்டு முல்லின்ஸ் விரிவாக ஆராய்ந்ததால் இதற்கு முல்லின்ஸ் விளைவு என்றே பெயர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. முன்பு இழுத்த நீளத்தைத் தாண்டி இழுத்தால், புதுப் பட்டைக்கு எவ்வளவு விசை வேண்டுமோ ஏறக்குறைய அவ்வளவே இதற்கும் வேண்டும். அறுந்துபோகும் விசையும் பெரிதாக மாறுவதில்லை. அதாவது ரப்பர் தளர்ந்திருக்கிறது, ஆனால் வலுவிழக்கவில்லை. ஏன் தளர்கிறது? கரித்துகளில் ஒட்டிய சங்கிலிகள் வழுக்குகின்றன, சில விடுபடுகின்றன. துகள் கொத்துகள் உடைகின்றன. சங்கிலிகளின் சிக்கல் இடம் மாறுகிறது. இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

இந்தத் தளர்ச்சி சாதாரண அறைச் சூட்டில் மிக மெதுவாகத்தான் மீளும். சூடாக்கினால் சங்கிலிகள் துள்ளி அசைந்து பழைய நிலைக்குப் பெருமளவு திரும்பும்.

ஒரு வழக்கு

எங்கள் பட்டறையில் மிக்ஸிங் மில்லில் திருப்பத்தூர்க்காரர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணன். ஒருநாள் வாடிக்கையாளரிடமிருந்து ஒரு லாட் சரக்கு திரும்பி வந்தது. நாங்கள் கொடுத்த சான்றில் எழுதிய விசையில் முக்கால் பங்குகூட அவர்கள் சோதனையில் வரவில்லையாம். முதலாளிக்கு உடனே சந்தேகம்: கரித்தூளைக் குறைத்துப் போட்டுவிட்டார்கள். மில்லில் நின்றவர் அண்ணன்தானே!

"தம்பி, நான் ஒரு கிலோகூடக் குறைக்கல. தராசுல நிறுத்துதான் கொட்டினேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. வேலை போய்விடும் என்ற நிலை.

திரும்பி வந்த பட்டைகளை விசாரித்தபோது, அவை ஏற்கெனவே பலமுறை இழுத்துப் பார்க்கப்பட்டவை என்று தெரிந்தது. நாங்கள் எழுதியது முதல் இழுப்பின் கணக்கு. அந்தப் பட்டைகளை அடுப்பில் 100 டிகிரியில் ஓர் இரவு வைத்தேன். சூடு மட்டுமே ரப்பரை இறுக்கியதென்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, இழுக்காத பட்டை ஒன்றையும் கூடவே வைத்தேன். மறுநாள் ஆறவைத்து இழுத்தபோது, இழுக்காத பட்டையில் மாற்றம் மிகக் குறைவு. தளர்ந்த பட்டைகளோ பழைய கணக்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. கரி குறைந்திருந்தால் சூடு அதைக் கொண்டுவந்து சேர்க்குமா? நீரில் நிறுத்து அடர்த்தியும் பார்த்தோம், சரியாக இருந்தது. அண்ணன் பேர் காப்பாற்றப்பட்டது. அன்றிலிருந்து எந்தச் சான்றிலும் எத்தனையாவது இழுப்பு என்று எழுதாமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

சூடு எப்போதும் நண்பனா?

இல்லை. வல்கனைஸ் செய்யும்போதே இயற்கை ரப்பரை அளவுக்கு மீறிச் சூட்டில் வைத்தால் கந்தக முடிச்சுகள் அவிழத் தொடங்கி வலு குறையும். ஆன பொருளும் காற்றுப்படும் இடத்தில் நெடுநாள் சூடு தின்றால் ஆக்சிஜன் சங்கிலிகளைத் தாக்கும். ரப்பர் இறுகி வெடிக்கும். நம் வீட்டு குக்கர் காஸ்கெட் நாளடைவில் விறைப்பதும் இப்படித்தான். அதை ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பவர்கள் உண்டு. குளிர் கொஞ்ச நேரம் இறுக்கும். சிதைந்த சங்கிலியை ஒட்ட வைக்காது. காஸ்கெட் வெடித்திருந்தால் மாற்றிவிடுவதே நல்லது.

கரி சேர்த்த ரப்பரை மடக்கி நிமிர்த்தினால் உள்ளேயே சூடு பிறக்கும். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கும், அதிகமாகச் சூடேறும். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ குடும்பத்தோடு ஓசூர் வழியாக ஊருக்குக் கிளம்புகிறவர்கள், டயர் ஆறியிருக்கும்போதே காற்றைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். இங்கே சொன்னதில் உயிர் சம்பந்தப்பட்டது இதுதான்.

பிள்ளைகள் செய்து பார்க்க

கறுப்பு சைக்கிள் டியூபிலிருந்து ஒரு மெல்லிய வாரை வெட்டி, அதில் சிறு எடை ஒன்றைத் தொங்கவிட்டு நீளத்தைக் குறியுங்கள். எடையை எடுத்துவிட்டு வாரை நன்றாகப் பலமுறை இழுத்து விடுங்கள். அதே எடையை மீண்டும் தொங்கவிட்டால் நீளம் கூடியிருக்கும். இப்போது பெரியவர் ஒருவர் துணையோடு வாரை ஒரு மணி நேரம் கொதிநீரில் போட்டு, எடுத்து, ஆறவைத்து மறுபடி அளவெடுங்கள். கூடிய நீளத்தில் ஓரளவு குறைந்திருக்கும். பெங்களூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருப்பதால் இங்கே தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதிக்கும்; இந்தச் சோதனைக்கு அது போதும்.

மூன்று அளவுகளையும் நோட்டில் எழுதும்போது, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எத்தனையாவது இழுப்பு என்றும் எழுதச் சொல்லுங்கள். அண்ணனை நினைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன்.