முந்தானையால் துடைக்காதீர்கள்!

சின்னாளப்பட்டியில் என் அத்தை வீடு இருக்கிறது. அங்கே போனால் ஒரு சுங்குடிச் சேலையாவது வாங்காமல் நான் திரும்புவதில்லை. போன மார்கழியில் சேலையோடு ஒரு பாடமும் கிடைத்தது. கார் வைத்திருக்கும் குடும்பத்துப் பெண்களுக்கு அதைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

மாமா, அத்தை, இரண்டு குழந்தைகள், நான் ஆக ஐந்து பேரும் விடியற்காலையில் கொடைக்கானலுக்குப் புறப்பட்டோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது தூற்றல் பிடித்துக்கொண்டது. வேடிக்கை பார்க்க இறங்கிய குழந்தைகள் தொப்பலாக நனைந்தார்கள். ஈரத் துண்டும் ஈரச் சட்டையும் பின் சீட்டில் குவிந்தன. "மலைக்கு வந்தாச்சு, இனிமே ஏ.சி. எதுக்கு?" என்று மாமா அதை அணைத்தார். "பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும்" என்று அத்தை ஜன்னல்களை மூடினாள்.

பத்து நிமிஷத்தில் முன் கண்ணாடி வெளுத்துவிட்டது! வெளியே வைப்பர் மும்முரமாக ஆடியது; வெள்ளை மட்டும் அசையவில்லை. "ஏங்க, ஒண்ணுமே தெரியலையே!" என்று அத்தை எம்பி முந்தானையால் துடைத்தாள். ஒரு கையகலம் தெளிந்து, மறுபடியும் மூடிக்கொண்டது. அடுத்த வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ஆனால் பஸ் கண்ணுக்குத் தெரியவில்லை! மாமா வண்டியை ஓரம் கட்டி நிறுத்தும் வரையில் யாருக்கும் மூச்சு விடவே தோன்றவில்லை.

பஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார். "ஏ.சி.யைப் போடுங்க சார். காத்தைக் கண்ணாடி மேலே திருப்பி விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நடுங்கிக்கிட்டிருக்கோம், ஏ.சி. போடணுமாம்!" என்று அத்தை முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் போட்டோம். இரண்டே நிமிஷத்தில் மலையும் மரமும் பாதையும் பளிச்சென்று தெரிந்தன.

அந்த வெள்ளைத் திரை எங்கிருந்து வந்தது? மலையிலிருந்து வரவில்லை, எங்கள் மூக்கிலிருந்து வந்தது! ஒருவர் விடும் மூச்சில் ஒரு நாளைக்குச் சுமார் 300 முதல் 400 மில்லி வரை நீர் ஆவியாகப் போகிறது. மூடிய காரில் ஐந்து பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அரை டம்ளர் தண்ணீர் காற்றில் கலந்துவிடும். ஈரத் துணியின் பங்கு வேறு.

30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம்தான் தாங்கும். கொடைக்கானலோ ஏறக்குறைய 7,000 அடி உயரம். சமவெளியைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிர்ச்சி. குளிர்ந்த கண்ணாடியில் பட்ட காற்று, தாங்க முடியாத ஈரத்தை அங்கேயே இறக்கிவிடுகிறது. ஐஸ் தண்ணீர் வைத்த டம்ளர் வெளியே வியர்ப்பதும் இதனால்தான்.

காரின் வெளிப்புறத்தைத் துடைக்க வழி சொன்னவர்களில் முன்னோடி ஒரு பெண் என்பது தெரியுமோ? அமெரிக்காவின் மேரி ஆண்டர்சன், நியூயார்க்கில் பனி கொட்டும்போது டிராம் ஓட்டி படும் பாட்டைப் பார்த்தார். 1903-இல் வைப்பருக்குக் காப்புரிமை பெற்றார். உட்புற ஈரத்துக்கு மருந்து ஏ.சி. 1902-இல் வில்லிஸ் காரியர் தம் முதல் இயந்திரத்தை அமைத்தது மனிதர் சுகத்துக்காக அல்ல. புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரத்தால் காகிதம் சுருங்கி விரிவதைத் தடுக்கத்தான்! ஏ.சி. போட்ட காரின் அடியில் சொட்டுகிறதே, அது காற்றிலிருந்து பிழிந்த தண்ணீர்தான்.

ஆகவே, கண்ணாடி மங்கினால் ஏ.சி.யைப் போட்டு, வெப்பக் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்புங்கள், குளிராது. காற்றைக் கண்ணாடிக்கு அனுப்புங்கள். உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அணைத்து வெளிக்காற்றை விடுங்கள். ஏ.சி. இல்லாவிட்டால் இரு பக்க ஜன்னலையும் இரண்டு விரற்கடை இறக்குங்கள். துடைப்பது வேண்டாம். கைபட்ட இடத்தில் எண்ணெய்ப் பசை படிந்து, எதிர் வெளிச்சத்தில் கண் கூசும். ஓட்டுகிறவர் முன்னே கை நீட்டுவது அதைவிட ஆபத்து.

ஏ.சி. ஓடும்போதே சமவெளியில் மழை இரவில் மங்கினால், விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் வெளிப்புறத்தில் இருந்தால் வைப்பர் போதும்; கண்ணாடிக்குப் போகும் குளிர்காற்றை மட்டும் குறையுங்கள்.

மார்கழி, தை மாதங்களில் கொடைக்கானலிலும் ஊட்டியிலும் சில இரவுகளில் உறைபனி விழும். ஈரத் துணியை உள்ளே வைத்துக் காரைப் பூட்டிவிட்டுத் தூங்கினால், காலையில் கண்ணாடியின் உள்ளேயே அந்த ஈரம் பனிக்கட்டியாகப் படிந்திருக்கலாம். அதன்மேல் வெந்நீர் ஊற்றாதீர்கள். கண்ணாடி விரிசல் விடும். திறந்த வெளியில் எஞ்சினை ஓடவிட்டு, வெதுவெதுப்பான காற்றைக் கண்ணாடிக்கு அனுப்புங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடக் கூடாது. அந்தப் புகை உயிருக்கே உலை வைக்கும். உருகி வழியும் நீரைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். முழுக் கண்ணாடியும் தெளியாமல் வண்டி நகரக் கூடாது. இரவே ஈரத்தை வெளியே எடுத்துவிட்டால் இந்தத் தொல்லையில் பெரும்பாகம் இல்லை.

ஊர் திரும்பியதும் அத்தை ஒரு காரியம் செய்தாள். நைந்துபோன பழைய சுங்குடியை நாலாகக் கிழித்து மடித்துக் காரில் வைத்தாள். இப்போதெல்லாம் பயணத்துக்கு முதல் நாளே கண்ணாடியின் உட்புறத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, அந்தத் துணியால் உலர்த்திவிடுகிறாள். அழுக்கில்லாத கண்ணாடியில் ஈரம் அவ்வளவு சீக்கிரம் படிவதில்லை. முந்தானைக்கும் வேலை இல்லை!