திரிசூலம்: விமானத்தின் வாசலில் ஒரு சிறு நிலையம்



விடுமுறைக்குச் சென்னை செல்லும்போது நாம் சென்ட்ரலையும் எழும்பூரையும் பற்றித்தான் பேசுகிறோம். மீனம்பாக்கத்திற்கும் பல்லாவரத்திற்கும் இடையே உள்ள திரிசூலத்தை எண்ணுவோர் எத்தனை பேர்? ஒரு பக்கம் குன்று, மறுபக்கம் பெருஞ்சாலை, சாலைக்கு அப்பால் விமான நிலையம். இவ்வளவே அதன் தோற்றம். ஆனால் அதன் பின்னே உள்ள விஞ்ஞானம் சிறிதன்று.

சென்னைக் கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931 மே மாதம் மின்வண்டி ஓடத் தொடங்கியது. கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு டாட்டாவின் அஞ்சல் விமானம் வந்ததோ 1932 அக்டோபரில்தான். ஆகாய வழிக்கு முன்பே மின்வழி வந்துவிட்டது!

அடுத்தடுத்துச் சிறு நிலையங்கள் அமைய மின்சாரமே துணை. நீராவி எஞ்சின் தன் கரியையும் நீரையும் தானே சுமக்க வேண்டும். மின்வண்டிக்கு அச்சுமை இல்லை. பல பெட்டிகளில் மோட்டார்கள் இருப்பதால் அது விரைவில் வேகம் பெறுகிறது. ஆகவே அடிக்கடி நின்றாலும் காலம் மிகுதியாக வீணாவதில்லை.

தொடக்கத்தில் இப்பாதையில் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம் இருந்தது. 1967 இல் அது 25,000 வோல்ட் மாறுமின்னோட்டமாயிற்று. ஒரே அளவு ஆற்றலை, ஒரே கம்பியில், ஏறத்தாழ 17 மடங்கு உயர்ந்த மின்னழுத்தத்தில் அனுப்பினால், மின்னோட்டம் அதே மடங்கு குறையும். வெப்பமாக வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே இழப்பு சுமார் 278இல் ஒரு பங்காகிவிடும். நாம் மான்குர்டில் ஏறும் ஹார்பர் பாதை இம்மாற்றத்தை முழுமையாகப் பெற்றது 2016 இல்தான்.

நம் பகுதிக்கும் ஒரு கதை உண்டு. டிராம்பேயிலிருந்து செம்பூர், குர்லா வழியாக அந்தேரிக்கு 1928 இல் ஓர் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1934 இல் மூடப்பட்டது. பின்னர் சாந்தாகுரூஸ் விமான நிலையம் அவ்வழியில் எழுந்தது. சென்னையில் விமானமும் ரயிலும் அண்டை வீட்டாராயின. இங்கே ஒன்று இருந்த இடத்தில் மற்றொன்று அமர்ந்தது. 2024 அக்டோபரில் நிலத்தடி மெட்ரோ வரும் வரை, விலே பார்லேயிலோ அந்தேரியிலோ இறங்கி வேறு வண்டி தேடினோம்.

துபாயில் உழைக்கும் என் அண்ணன் ஊர் திரும்பும்போது, பெட்டியோடு சாலையைக் கடந்து திரிசூலத்தில் செங்கற்பட்டு வண்டி ஏறுகிறார். டாக்சிக்குக் கொடுத்தால் அவரது ஒரு நாள் கூலி போய்விடும். 2016 இல் மெட்ரோ விமான நிலையத்துக்கே வந்தது. எனினும் செங்கற்பட்டுப் பக்கம் செல்வோர்க்கு இச்சிறு நிலையமே கை கொடுக்கிறது.

நாளை நம்மில் சிலர் பொறியாளராவோம், திட்டம் தீட்டுவோம். விமான நிலையத்தின் கூரை எவ்வளவு உயரம் என்று கேட்குமுன், தலையில் பெட்டி சுமந்து வருபவன் எவ்வழியே வீடு சேர்வான் என்று கேட்போமாக!