உப்பளமும் ஆலை நிறுவுங் கலையும்

தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் ஆலை கட்டுந் தொழிலைப் பற்றி எழுதப் புகுவது அன்பர் சிலர்க்கு நகை விளைத்தல் கூடும். சிறுபாணாற்றுப்படையிற் கூறப்படும் எயிற்பட்டினம் இக்காலத்து மரக்காணமே என்பது அறிஞர் பலர் கருத்து. அப்பழம்பதியைக் காணும் ஆசையாற் சென்ற யான், பாட்டை மறந்து, உப்புப் பாத்திகளின் நடுவே நெடும்பொழுது நின்றுவிட்டேன். அங்குக் கண்டதே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரையில், கழுவேலி ஏரிக்கு அணித்தாக உள்ளது. ஆங்குள்ள அளங்களைப் பாத்தி கட்டிய வயல் என்று எண்ணிக் கடந்து செல்வார் பலர். உண்மையில் அஃது கூரையில்லாததோர் இரசாயன ஆலையே. கடல்நீரின் செறிவைப் 'போமே' என்னும் பாகையால் அளப்பர். இயல்பான கடல்நீர் ஏறத்தாழ 3 பாகையினது. அதனை ஒரு பாத்தியினின்று மறு பாத்திக்கு முறையே செலுத்த, வெயிலும் காற்றும் நீரைக் குடித்துக்கொண்டே செல்லும். இடையில் ஜிப்சம் என்னுஞ் சுண்ணச்சத்து படிந்து ஒழியும். 25 பாகை எய்தியபின் உப்பு மணியாகத் திரளும். 29 அல்லது 30 பாகைக்கு மேல் அந்நீரை வைத்திருப்பின், மக்னீசிய உப்புக்களும் கலந்து கசப்பேறும். ஆகலின் எஞ்சிய கசப்பு நீரை உரிய காலத்தில் வடித்துவிடல் வேண்டும். நீரைச் செறிவிக்கும் பாத்திகள் பரந்தும், உப்பு விளையும் பாத்திகள் அவற்றை நோக்கச் சிறியனவாயும் அமைந்திருப்பதன் காரணமும் இதுவே.

ஏனைய ஆலைகளுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. பிற ஆலைகளை ஒருமுறை கட்டிப் பல்லாண்டு நடத்துவர். அளத்தையோ வடகீழ்ப் பருவமழை ஆண்டுதோறும் குலைத்துவிடுகின்றது. வரப்பு கரையும், வாய்க்கால் தூரும், மிதித்து இறுக்கிய பாத்தியின் தரை சேறாகும். மழை நின்றபின் அனைத்தையும் புதிதாக அமைத்தல் வேண்டும். எனவே, அளத்துத் தொழிலாளர் ஆண்டுக்கொரு முறை ஆலை கட்டுவோர் ஆவர். வெயிற்காலம் அவர்க்காகக் காத்திராது.

பேராலைகளை வரைந்து, பொருள் கொண்டு, கட்டி, இயக்கித் தரும் பணியை நடத்துவிக்குங் கலையை ஆங்கிலத்தார் 'பிராஜெக்ட் மேனேஜ்மெண்ட்' என்பர். நாம் திட்ட மேலாண்மை என்கிறோம். அக்கலையின் உயிர்நிலை, எவ்வேலை எவ்வேலைக்கு முற்பட வேண்டும், எவ்வேலை தாழ்ந்தால் முழுவதும் தாழும் என்று அறிதலே. இதனை அளத்தை வைத்தே விளக்குவேன். நாட்கணக்கு விளக்கத்தின் பொருட்டு யான் வகுத்துக்கொண்டது. எந்த அளத்தின் கணக்கும் அன்று.

மழைநீர் வடிய 10 நாள் ஆகும் என்க. பின்னர் வரப்புக் கட்ட 12 நாள். அவ்வரப்பு வேலை நடக்கும்போதே வேறு சிலர் 6 நாளில் வாய்க்காலைத் தூர்வாரிவிடலாம். வரப்பு முடிந்தது 22 ஆம் நாள். அன்று செறிவுப் பாத்திகளில் நீர் பாய்ச்சினால், அது தக்க பாகைக்கு ஏற 20 நாள் ஆகும். அதற்குள் உப்பு விளையும் பாத்திகளை 15 நாளில் மிதித்து இறுக்கிவிடலாம். ஆகவே 42 ஆம் நாளில் செறிந்த நீர் விளைபாத்தியுட் புகும்.

இப்பொழுது உரிமையாளர் ஒருவர் விரைவு கருதி, மிதிக்கும் ஆட்களை மிகுவித்து அவ்வேலையைப் 10 நாளில் முடிப்பித்தார் எனக் கொள்வோம். உப்பு எத்தனை நாள் முந்தும்? ஒரு நாளும் முந்தாது! பாத்தி ஆயத்தமாய் இருக்கும்; நீர் ஆயத்தமாகாது. அவர் மிகுதியாகக் கொடுத்த கூலி வீணே. அதே பொருளை வரப்பு வேலையிற் செலவிட்டு இரண்டு நாள் குறைத்திருப்பின், உப்பு இரண்டு நாள் முந்தியிருக்கும். நீர் வடிதல், வரப்புக் கட்டுதல், நீர் செறிதல் என்னும் இம்மூன்றும் சேர்ந்த தொடரை ஆங்கிலத்தார் 'கிரிட்டிகல் பாத்' என்பர். தாழ்த்தல் என்பது காலம் நீட்டித்தல் ஆகலின், யான் இதனைத் 'தாழாப் பாதை' எனக் கூறத் துணிகின்றேன். எம் தமிழாசிரியர் பொறுப்பாராக. மிதிக்கும் வேலைக்கு 5 நாளும், வாய்க்கால் வேலைக்கு 6 நாளும் தாங்கும் இடம் உண்டு. அவ்வெல்லையுள் அவை தாழ்ந்தால் கேடில்லை. மிதித்தல் 7 நாள் தாழ்ந்துவிடின், முடிவும் 2 நாள் தாழும். தாழாப் பாதையும் அவ்வேலையின் வழியாக மாறிவிடும். இங்ஙனம் பாதை நடுவிலே மாறும் என்பதை மறந்தே பலர் கெடுகின்றனர்.

இம்முறை பிறந்தது ஓர் இரசாயன நிறுவனத்திலேதான். அமெரிக்காவில் ஹென்றி காண்ட் என்பார் 1910 ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் வேலைகளை நாட்கோடுகளாக வரைந்து காட்டும் படத்தைப் பரப்பினார். அப்படத்தில் எது எதற்காகக் காத்திருக்கின்றது என்பது புலப்படாது. 1957 இல் டூபாண்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் அக்குறையை நீக்கி, கணிப்பொறியின் துணையால் தாழாப் பாதையைக் காணும் வழியை வகுத்தனர். டூபாண்டின் லூயிவில் ஆலையைப் பழுதுபார்க்க நிறுத்திய காலத்தில் அதனைக் கைக்கொண்டு, முன் 125 மணி நேரம் பிடித்த வேலையை 93 மணிக்கும், பின்னர் 78 மணிக்கும் குறைத்தனர் என்பது இத்துறை நூல்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுஞ் செய்தி.

பேராலையிலே சிக்கல் எங்கே எழும்? பெரும்பாலும் மண்வெட்டியும் சுண்ணாம்பும் உள்ள இடத்தில் அன்று, காகிதத்தில் எழும். பெரியதோர் அழுத்துபொறிக்கு அடித்தளம் இடவேண்டின், அப்பொறியின் எடையும் அதிர்வும் ஆணித்துளைகளின் இடமும் தெரிதல் வேண்டும். அவற்றைப் பொறி செய்வோரே வரைந்து தருவர். பொறியை விலைபேசி உறுதி செய்யாதவரை அவர் வரைபடந் தரார். ஆதலால் விலைபேசுவோர் ஒரு திங்கள் சோம்பியிருந்தால், களத்தில் கொத்தனாரும் ஒரு திங்கள் கைகட்டி நிற்பார். ஆலை கட்டுதல் கற்கப் புகும் மாணவர் முதலில் அறியவேண்டுவது இஃது என்பது என் எண்ணம். எந்திரத்தின் நுட்பம் பின்னர் வந்து சேரும்.

மரக்காணத்திற்கு வடக்கே, அதே கடற்கரையில், கல்பாக்கத்துள்ள அணு ஈனுலை இதற்குத் தக்க சான்று. 500 மெகாவாட் ஆற்றலுடைய அதன் கட்டுமானம் 2004 அக்டோபரில் தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பர் 26 ஆம் நாள் சுனாமி எழுந்து, அடித்தளத்திற்காகத் தோண்டிய பெருங்குழியுள் கடல்நீர் புகுந்தது. நீரை இறைத்துத் திரும்பத் தொடங்கினர். அவ்வுலையின் கலங்கள் ஒன்றனுள் ஒன்றாக அமைவன. புறத்துள்ள காப்புக் கலத்தை 2008 ஜூனிலும், உள்ளிருக்கும் முதன்மைக் கலத்தை 2009 டிசம்பரிலும் இறக்கினர். ஏறத்தாழ 13 மீட்டர் விட்டமுள்ள அக்கலங்களைச் சாலைவழிக் கொணர இயலாமையின், களத்தருகே பட்டறை அமைத்துப் பொருத்தினர். அங்ஙனமாயின், பட்டறை கட்டுதலும் தாழாப் பாதையில் ஒரு படியன்றோ? 2010 இல் முடியும் எனக் கருதிய பணியில், உலையின் மையப்பகுதியுள் உறுப்புக்களை இடுதலே 2024 மார்ச்சிலேதான் தொடங்கிற்று. முதலில் 3,492 கோடி ரூபாய் என மதித்த செலவு பின்னர் 5,677 கோடி எனத் திருத்தப்பட்டது. சுனாமி ஒன்றையே இதற்குக் காரணமாகக் கூறல் பொருந்தாது. முன்னம் ஒருவரும் இந்நாட்டிற் செய்திராத உறுப்புக்களை முதன்முறை செய்யுங்கால், நாட்கணக்கு என்பது ஊகத்திற்குச் சிறிதே மேம்பட்டது. லூக்கா சுவிசேஷத்தில், கோபுரங் கட்ட விரும்பி உட்கார்ந்து செலவு கணக்கிடும் மனிதனை நம் ஆண்டவர் உவமை காட்டுகின்றார். அம்மனிதன் முன்னமே பிற கோபுரங்களைக் கண்டவன் என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

மீண்டும் மரக்காணத்திற்கு வருவோம். 2024 நவம்பர் 30 ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. மரக்காணத்து அளங்கள் ஏரிபோல் ஆயின. அத்தகைய ஆண்டில் நீர் வடிய 10 நாளுக்கு ஈடாக 25 நாள் ஆகும் என மேற்கூறிய கணக்கிற் கொண்டால், முடிவு 57 ஆம் நாளுக்குத் தள்ளிப்போகும். வரப்பையோ மிதித்தலையோ எத்துணை விரைவுபடுத்தினும், நீர் செறிதற்குரிய 20 நாளை மனிதர் குறைத்தல் அரிது. அது கதிரவன் கையில் உள்ளது.

யான் அங்கே கண்ட முதியவர் ஒருவரை வணங்கி, வேலை தொடங்கும் நாளை எப்படி அறிவீர்கள் ஐயா என்று வினவினேன். அவர் நாட்காட்டியைக் காட்டவில்லை. நீர் நின்ற சுவடு வரப்பில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைக் கோலால் தொட்டுக் காட்டினார். அது வடியும்வரை வேறெதனையும் எண்ணிப் பயனில்லை என்றார். நாட்கூலி பெறுவார்க்கு அந்தப் பதினைந்து நாள் பதினைந்து நாட் கூலியே. உப்பு விளையாத அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று திங்களுக்கென்று தமிழ்நாட்டரசு உப்பளத் தொழிலாளர்க்கு 5,000 ரூபாய் மழைக்கால உதவித்தொகையை 2022 இல் வழங்கத் தொடங்கிற்று. சனவரியிலும் வடியாத நீர் அக்கணக்கில் அடங்குவதில்லை.