திரைக்குப் பின்னால் உள்ள வெளி

கடவுளுக்கு உருவம் உண்டா என்ற கேள்விக்கு உண்டு, இல்லை என்னும் இரண்டு விடைகளே இருக்க முடியும் என்று பொதுவாக எண்ணப்படுகிறது. ஆனால் 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தையும், அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரையும் அடித்தளமாகக் கொண்ட சைவ சித்தாந்தம், உருவம், அருவுருவம், அருவம் என மூன்று நிலைகளைக் கூறி அக்கேள்வியின் போக்கையே மாற்றிவிடுகிறது. உறுப்புகளோடு கூடிய திருமேனி உருவம். கண்ணுக்குத் தெரிந்தாலும் முகம், கை, கால் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் நிற்கும் சிவலிங்கம் அருவுருவம். புலன்களுக்கு எட்டாதது அருவம்.

இம்மூன்றில் அருவமே உச்சநிலை என்று நினைக்கத் தோன்றும். சித்தாந்திகள் அவ்வாறு கொள்வதில்லை. உருவமின்மை ஒன்றே பெருமையென்றால் உயிரற்ற ஆகாயத்துக்கும் அந்தப் பெருமை உரியதாகிவிடும். ஆகவே, உயிர்களுக்கு அருளும்பொருட்டு இறைவன் மேற்கொள்ளும் நிலையைத் 'தடத்தம்' என்றும், எதையும் சாராத அவனது இயல்பைச் 'சொரூபம்' என்றும் பிரித்து, அருவத்தையும் மற்ற இரண்டோடு சேர்த்துத் தடத்தத்திலேயே அவர்கள் வைத்தனர். உருவ வழிபாட்டை மறுப்போரும் அதைக் காப்போரும் நடத்திவரும் நெடுங்கால வழக்கில் இது எந்தத் தரப்புக்கும் முழுமையாக உதவாத தீர்ப்பு என்பதே இதன் சுவை.

தில்லை எனப்படும் சிதம்பரத்தில் இக்கொள்கையை ஒரே சன்னிதியில் காணலாம். ஆடும் நடராசர் உருவம். நாள்தோறும் அபிடேகம் பெறும் படிகலிங்கம் அருவுருவம். அவற்றின் அருகே, திரையை விலக்கினால் பொன் வில்வ மாலைகள் மட்டும் தொங்கும் வெற்றிடம் அருவம். சிதம்பர ரகசியம் எனப்படும் இவ்வெளியில் மூர்த்தி ஏதும் இல்லை. 'சித்' என்பது அறிவையும் 'அம்பரம்' என்பது வெளியையும் குறிப்பதால், ஊரின் பெயரே அங்கு வழிபடப்படுவது இன்னது என்று சொல்லிவிடுகிறது. வெற்றிடத்தை வெற்றிடமாகவே காட்டினால் கண் அதைக் கடந்து போய்விடும் என்பதாலோ என்னவோ, மாலையும் திரையும் அதற்கு எல்லை வகுத்துக் கொடுக்கின்றன.

தில்லைக்கு அருகிலுள்ள மருதூரில் 1823இல் பிறந்து, நடராசரைப் பாடிப் பரவிய இராமலிங்க அடிகள், 1872ஆம் ஆண்டுத் தைப்பூசத்தன்று வடலூரில் சத்திய ஞான சபையைத் திறந்து, அவ்விடத்துக்கு 'உத்தர ஞான சிதம்பரம்' என்று பெயர் சூட்டியது தற்செயலன்று. ஆனால் தில்லையின் மும்மையை அவர் அங்கே கொண்டு செல்லவில்லை. எண்கோண வடிவிலான அச்சபையில் சிலையும் இல்லை, லிங்கமும் இல்லை. தில்லையில் ஒன்றாக இருந்த திரை, வடலூரில் ஆன்ம அறிவை மறைக்கும் மாயா சக்திகளைக் குறிக்கும் ஏழு நிறத் திரைகளாகப் பெருகியது. அவற்றுக்குப் பின்னால் இருப்பது ஒரு விளக்கின் சுடர் மட்டுமே. சுடரும் ஓர் உருவந்தானே என்று வாதிடலாம். எனினும் விளக்கின் சுடர் கணந்தோறும் வடிவம் மாறுவதால், இதுதான் அதன் உருவம் என்று எதையும் சுட்ட இயலாது. தைப்பூசத்தன்று ஏழு திரைகளும் ஒவ்வொன்றாக நீக்கப்படும்போதும், அந்த ஒளி ஒரு கண்ணாடியின் வழியாகவே காணக் கிடைக்கிறது.